ஏழு குண்டான், ஆறு மூடி

ராயபுரத்தில் செல்வநாதனின் சாப்பாட்டுக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. துறைமுகத்துக்குப் போகிற சாலையில், சரக்கு ரயில் தண்டவாளத்தைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. நுழைந்ததும் நீளமாக ஒரு மேசை. அதன்மேல் வரிசையாக ஏழு அலுமினியக் குண்டான்கள், எல்லாம் மூடியே இருக்கும். புதிதாக வருகிறவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "இன்னாபா கீது?" என்று கேட்பார். செல்வநாதன் அடுப்படியிலிருந்தே, "கையி இல்லியா? தொறந்து பாரு" என்பார்.

வந்தவர் தன்னை அவமானப்படுத்திவிட்டதாக நினைப்பார். அப்படி இல்லை. அந்தக் கடையின் சட்டமே அதுதான். சாப்பிட வருகிறவர் தன் கையாலேயே ஒவ்வொரு மூடியையும் தூக்கிப் பார்க்க வேண்டும். முகர்ந்தும் பார்க்கலாம். பிடித்ததைக் காட்டினால் தட்டில் விழும். யார் வந்தாலும் இதே.

யார் வந்தாலும் என்கிற அந்த இரண்டு சொல்லுக்காக ஒரு தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், மனிதர் கடையையே இழக்கப் பார்த்தார். அவருக்கு இருந்ததே அந்தக் கடை ஒன்றுதான். நான் அப்போது பக்கத்துத் தொழிற்சங்க அலுவலகத்தில் மனு எழுதிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு அங்கே. ஆகையால் இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதிப் பாதி மணிலாவில் நடந்தது, அவர் வாயால் கேட்டது. எத்தனை தடவை கேட்டேன் என்று சொன்னால் அவர் மனைவி சிலுவையம்மாளுக்குக் கோபம் வரும்.

செல்வநாதனின் அப்பா செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து துறைமுகத்தில் மூட்டை சுமக்க வந்தவர். ஊர்க் கடையில் அவருக்குத் தனியாகக் கொட்டாங்கச்சி. மதம் மாறினார். கடவுள் மாறினார், கொட்டாங்கச்சி மாறவில்லை. பரலோகத்தில் எல்லாரும் சமம் என்று சொல்லிக்கொடுத்த இடத்திலேயே பூசைக்கு உட்கார ஒரு பக்கம், செத்தால் புதைக்க ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பக்கத்துக் குழியில் கிடக்கிற பிணம் கை நீட்டித் தொட்டுவிடுமோ என்று பயப்படுகிற பக்தியை என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

அந்த அப்பா மகனுக்கு விட்டுப்போனது ஒரு பழக்கம். தெரியாத இடத்தில் சாப்பிடப் போனால் சொந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போ. வாசலுக்கு வெளியே நில். போட்டால் வாங்கிக்கொள். உள்ளே எதையும் தொடாதே.

செல்வநாதன் கப்பலில் சேர்ந்தார். இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற வேலை. கப்பலுக்கு முதலாளி கிரேக்கர், கொடி பனாமா, பெயர் ஒரு புனிதருடையது. 1969 அக்டோபரில் மணிலாத் துறைமுகத்தில் அந்தப் புனிதரை நீதிமன்றக் காவலில் பிடித்து வைத்துவிட்டார்கள். முதலாளி ஊரெல்லாம் கடன் வைத்துவிட்டு ஓடிப்போயிருந்தார். வழக்கு முடிகிறவரை கப்பல் நகரக் கூடாது. ஆட்களும் நகர முடியாது. இரண்டு வாரத்தில் கப்பல் சமையலறையில் அரிசி தீர்ந்தது. கப்பல் முகவர் ஆளுக்கு ஏதோ கொஞ்சம் படிக்காசு கொடுத்து, கரையில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

செல்வநாதன் தன் எனாமல் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். வெள்ளைத் தட்டு, ஓரத்தில் நீலக் கோடு. துறைமுகத்தை ஒட்டிய தோந்தோ என்கிற பகுதி. நம் காசிமேடு மாதிரியே சகதி, மீன், கருவாடு, குழாயடிச் சண்டை. அங்கே ஒரு சந்தில் மலிவான சோற்றுக் கடை. நடத்தியவள் பெயர் லூர்தெஸ். நம் ஊராக இருந்தால் லூர்துமேரி. ஐம்பத்தெட்டு வயது, வாயில் நாலு பல், மீதி இடமெல்லாம் சிரிப்பு.

முதல் நாள் அவர் வாசலுக்கு வெளியே தட்டோடு நின்றார். உள்ளே ஆட்கள் வருகிறார்கள், மேசைமேல் இருக்கிற குண்டான்களைத் திறக்கிறார்கள், விரலால் காட்டுகிறார்கள், சாப்பிடுகிறார்கள். இவரை யாரும் கூப்பிடவில்லை. லூர்தெஸ் ஒருமுறை எட்டிப் பார்த்து, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். இவருக்குப் புரிந்துவிட்டது. உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் நம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போலிருக்கிறது என்று திரும்பிப் போய், குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் பசி தாங்காமல் மறுபடி போய் நின்றார். இந்தத் தடவை லூர்தெஸ் வெளியே வந்தாள். தட்டை வாங்கினாள். புரட்டிப் பார்த்தாள், விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள், இரண்டு விரலைக் காட்டினாள். எத்தனை கரண்டி சோறு வேண்டும் என்று கேட்கிறாள் என்று நினைத்து இவர் தலையாட்டினார். அவள் இவர் கையில் இரண்டு நாணயத்தை வைத்தாள். தட்டைக் கொண்டுபோய் ஏழாவது குண்டானின்மேல் கவிழ்த்தாள். அந்தக் குண்டானுக்கு மூடி தொலைந்துபோய் எத்தனையோ நாளாகியிருந்தது.

அவ்வளவுதான். தட்டு போயிற்று, சோறு வரவில்லை, கையில் இரண்டு நாணயம். தட்டு விற்கிற வியாபாரி என்று அந்த அம்மாள் நினைத்திருக்கிறாள். சாப்பிடுவதற்காக ஒரு மனிதன் சொந்தத் தட்டோடு தெருவில் நிற்பான் என்று நினைக்க அந்த ஊரில் யாருக்கும் கற்பனை போதாது. அந்தக் கற்பனை நமக்கு மட்டும் வாய்த்தது. இரண்டாயிரம் வருஷத்து நாகரிகமாம்.

அரை மணி கழித்தும் இவர் அங்கேயே நிற்பதைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்தது. வயிற்றைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள். இவர் தலையாட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். பிறகு இவர் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், கையை அந்தத் தட்டின்மேலேயே வைத்தாள். தூக்கு என்று தாடையால் சைகை செய்தாள்.

தூக்கினார். பச்சைப்பயறும் முருங்கைக்கீரையும். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைதோறும் சிலுவையம்மாள் ராயபுரத்தில் ஆக்குகிற அதே பண்டம். ஆவி கண்ணில் பட்டுத் தண்ணீர் வந்தது என்று செல்வநாதன் சொல்வார். சரி, ஆவி என்றே வைத்துக்கொள்வோம்.

அன்று முதல் பத்து மாதம், வேளை தவறாமல் அங்கே சாப்பிட்டார். மஞ்சளும் மிளகாயும் இல்லாமல், வினிகர் மாதிரிப் புளித்த காடியும் இஞ்சியும் பூண்டும் மிளகும் போட்டு வேகவைத்த மீன். புளி ஊற்றிய பன்றிக்கறிச் சாறு. கன்னங்கரேலென்று ஒரு குழம்பு, அது பன்றி ரத்தம் என்று தெரியவந்தபோது அவர் மூன்றாவது தட்டில் இருந்தார். அதற்குமேல் அருவருப்புப் பட்டு என்ன பயன்?

ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது சாப்பாட்டை அல்ல. ஒரு நாள் சாக்கடை அள்ளுகிற ஒருவன் வந்து ஒவ்வொரு மூடியாகத் தூக்கிப் பார்த்தானாம். அவனுக்குப் பின்னால் அந்தப் பகுதிப் பங்குச்சாமியார் தட்டோடு நின்றாராம். சாமியார் முணுமுணுத்தாராம். இவர் ஆவலாகக் கவனித்தார், இதோ வரப்போகிறது என்று. பக்கத்திலிருந்த மூட்டை தூக்குகிற ஒருவன் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினான்: இவன் ஒரு மீனைத் தேர்ந்தெடுப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் என்கிறார் சாமியார். அவ்வளவுதான் குறை. அவன் தொட்ட மூடியையே சாமியாரும் தொட்டார்.

அந்த நாட்டில் அநியாயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. கரும்புத் தோட்டக்காரன் கூலிக்காரனின் ரத்தத்தைக் குழம்பு வைக்காமலே குடிக்கிறான் என்று படித்திருக்கிறேன். ஆனால் குண்டான் மூடியில் அவர்கள் சாதியை ஏற்றி வைக்கவில்லை. அந்த அளவுக்குப் புத்தி போயிருக்கவில்லை.

வழக்கு முடிந்து ஊருக்குக் கிளம்பிய அன்று லூர்தெஸ் தட்டைக் கழுவித் துடைத்து நீட்டினாள். இவர் வாங்கவில்லை. குண்டானைக் காட்டினார். மூடியில்லாமல் ஈ மொய்க்கும் என்று சைகை செய்தார்.

ராயபுரம் வந்து சேர்ந்ததும் சிலுவையம்மாள் கேட்ட முதல் கேள்வி, "அந்த லூர்துக்கு இன்னா வயசு?"

"அம்பத்தெட்டு. நாலு பல்லு."

"பல்லுக்கூட எண்ணிகினு வந்துகீற."

பத்து மாதமாகச் சம்பளம் வராமல், காசிமேட்டில் இறால் உரித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவள் அவள். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. இனிக் கப்பல் வேண்டாம், கடை வைப்போம் என்று அவர் சொன்னபோது உடனே ஒப்புக்கொண்டாள். மூடி விஷயத்தைச் சொன்னபோது மட்டும், "துன்றவன் மூடியத் தொறக்குறதுக்கு நான் எதுக்கு?" என்றாள். அவர் மணிலாக் கதையை முதல் தடவையாகச் சொன்னார். ஏழு குண்டான் வாங்கினார்கள். ஆறு மூடிதான் கிடைத்தது. ஏழாவதின்மேல் ஒரு பலகைத் துண்டைப் போட்டு வைத்தார்கள்.

எழுபத்தோராம் வருஷம் கடை ஓடத் தொடங்கியது. ஓட வைத்தவர் யேசுதாஸ் மேஸ்திரி. துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற கும்பல் ஒன்றுக்குத் தலைவர், முப்பது ஆள். கோயில் திருவிழாக் கமிட்டியில் தேருக்கு முன்னால் நடக்கிறவர். அவர் எங்கே சாப்பிடுகிறாரோ அங்கேதான் முப்பது பேரும் சாப்பிடுவார்கள். வேலை கொடுக்கிறவர் அவர் அல்லவா.

காடி மீனை முதன்முதலில் பார்த்தபோது, "இன்னா மாமு, மீனுக்கு ஜுரமா? வெளுத்துப் போய்க் கீது" என்றார் மேஸ்திரி.

"துன்னு பாத்துட்டுச் சொல்லு மாமு."

தின்றார். அடுத்த நாளிலிருந்து முதல் ஆளாக வந்து அந்தப் பலகையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பார். கோயிலில்கூட அவர் அப்படிக் கண் மூடி நான் கேள்விப்பட்டதில்லை.

அப்புறம் ஒருநாள் அப்பாவு வந்தார். மாநகராட்சியில் எடுப்புக் கக்கூஸ் வேலை. காலையில் நாலு தெருவின் வாளிகளைக் காலி செய்து, வண்டியைத் தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, தெருக்குழாயில் தலைமுதல் கால்வரை சோப்புப் போட்டுக் குளிப்பார். ராயபுரத்தில் அவரளவுக்குச் சோப்புச் செலவு செய்கிற ஆள் இல்லை. மேஸ்திரி கை கழுவுவதெல்லாம் லுங்கியில் துடைப்பதோடு சரி. அப்பாவு கையில் ஓர் அலுமினியத் தட்டு. அடியில் சொட்டை. வாசலுக்கு வெளியே வந்து நின்றார்.

செல்வநாதன் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மேஸ்திரியும் பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அவன் மூடியில கைய வெச்சான்னா, நானும் என் ஆளுங்களும் நாளைலேந்து வேற கடை."

கூச்சமில்லாமல் சொன்னார். மேஸ்திரியின் தகப்பனாரும் செல்வநாதனின் தகப்பனாரும் ஒரே சேரியிலிருந்து ஒரே மாட்டு வண்டியில் பட்டணத்துக்கு வந்தவர்கள். ஒரே கொட்டாங்கச்சியில் குடித்தவர்கள். இந்த நாட்டில் ஏணிக்குப் பஞ்சமே இல்லை. எவ்வளவு கீழே தள்ளினாலும் அங்கேயும் காலடியில் மிதிக்க இன்னொரு படி கிடைத்துவிடுகிறது.

நான் செல்வநாதன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் மணிலாவில் இல்லை, ராயபுரத்தில் இருந்தது. கரண்டியை எடுத்தார். சோறும் குழம்பும் அள்ளிக்கொண்டு வெளியே போனார். அப்பாவுவின் தட்டில் மேலேயிருந்து போட்டார்.

"பரவால்ல நைனா, இங்கயே குந்திக்கிறேன்" என்றார் அப்பாவு. தண்டவாளத்துப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மேஸ்திரி கும்பல் போனபிறகு சிலுவையம்மாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். நான் இன்னும் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். என்னை அவள் பொருட்படுத்தவில்லை.

"மணிலாக் கதைய எத்தினி தபா சொல்லிக்கீற?"

"இன்னாம்மே இப்ப?"

"சும்மா கேக்குறேன். அந்தக் கெயவி ஒன்ன இப்டி வெளியவே வெச்சு ஊத்தியிருந்தான்னா, அத்தயும் இப்டித்தான் நீட்டி மொயக்கிச் சொல்லுவியா?"

"முப்பது ஆளு போய்டும்மே. கடைய இஸ்து மூடிட்டு இன்னா பண்றது?"

"நான் இறாலு உரிக்கப் போறேன். ஏற்கெனவே போனவதான். ஆனா இன்னொரு தபா என் முன்னாடி அந்தக் கதையச் சொன்ன, கரண்டியாலயே போடுவேன்."

அவர் ஏழாவது குண்டானின்மேலிருந்த பலகையைத் தேவையில்லாமல் நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

மறுநாள் அப்பாவு வந்து நின்றார். உள்ளே மேஸ்திரியும் ஆட்களும் பாதிச் சாப்பாட்டில் இருந்தார்கள். செல்வநாதன் வெறுங்கையோடு வெளியே போனார். நான் ஜன்னல் பக்கம் இருந்ததால் எனக்குக் கேட்டது. தட்டை வாங்கினார். புரட்டினார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"இன்னா வெல?"

"எதுக்கு?"

"தட்டுக்கு."

"அடியில சொட்டை கீது நைனா. இத்த வாங்கி இன்னா பண்ணப் போற?"

"ஒரு ரூவா. குடுத்துட்டேன், புடி."

அப்பாவு ரூபாயைப் பார்த்தார், வெறும் கையைப் பார்த்தார். "இப்ப நான் எதுல துன்றது?"

"உள்ள அடுக்கி வெச்சுக் கீது, இருவது தட்டு. வா."

அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, முதல் குண்டானின் மூடியில் கையை வைத்தார். "தொற."

அப்பாவு திறக்கவில்லை. கடை முழுக்க ஒருமுறை பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "நைனா, நாலு தெருவு வாளி எடுக்குறவன் நானு. யாரு இன்னா துன்றாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும். தொறந்து பாக்கணும்னு அவசியமே இல்ல." சொல்லிவிட்டுத் திறந்தார்.

சிரித்தது நான் ஒருவன்தான். மேஸ்திரி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே உதறிவிட்டு எழுந்தார்.

"மாமு, நான் வேணுமா அவன் வேணுமா?"

"ரெண்டு பேரும் வேணும் மாமு. ரெண்டு பேருக்கும் வயிறு கீதே."

மேஸ்திரி வெளியேறினார். பின்னாலேயே இருபத்தாறு பேர். நாலு பேர் மட்டும் அசையவில்லை. கொள்கைப் பிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம், தட்டில் மீன் மீதி இருந்தது. அவர்கள் போன பிறகுதான் செல்வநாதன் வாசலில் விட்டு வந்த தட்டை எடுத்துவந்து கழுவி, ஏழாவது குண்டானின்மேல் கவிழ்த்தார். பலகை அடுப்புக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் மோசமானவை. தவக்காலம் வேறு. மேசைமேல் ஏழு குண்டானும் இருந்தன, ஆக்கியது நாலில்தான். நாலில் இரண்டு மிஞ்சும். சிலுவையம்மாள் சொன்னபடியே இறால் கொட்டகைக்குப் போனாள். அவர் ஒருவரே ஆக்கி ஒருவரே பரிமாறினார். அப்பாவு தன்னோடு வேலை செய்கிறவர்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிவந்தார். அவர்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஆனால் முப்பது பேர் இடத்தை எட்டுப் பேர் எப்படி நிரப்புவது? தகரக் கொட்டகைக்கு அடுத்த மாத வாடகை கொடுக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பழைய சோடாக் கடைக்காரர் ஒருவர் வந்து கொட்டகையை அளந்துகூடப் பார்த்துவிட்டுப் போனார்.

மேஸ்திரியின் ஆட்கள் ஒவ்வொருவராகத் தண்டவாளத்துப் பக்கத்துச் சந்து வழியாக வரத் தொடங்கினார்கள். அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். மூடியாக இருப்பது யாருடைய தட்டு என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் மேஸ்திரியிடம் சொல்ல முடியாது. உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பாரே.

ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டரை மணி. மேஸ்திரிக்கு ஒருசந்தி, அதாவது ஒரே வேளைச் சாப்பாடு, அதிலும் கறி கூடாது. அவர் மாறிப்போன கடையில் அன்று மீன் தீர்ந்துவிட்டது, ஆட்டுக்கறிதான் மிச்சம். ஆட்டைத் தின்றால் நரகம், மீனைத் தின்றால் மோட்சம். சமையலறை விவகாரத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கிற கடவுளுக்கு எடுப்புக் கக்கூஸ் கண்ணில் படாமல் போனது ஆச்சரியம்தான்.

மேஸ்திரி எங்கள் கடைக்குள் நுழைந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராக மேசைக்குப் போனார். முதல் மூடி, காலி. அடுத்தது ரசம். வரிசையாகத் தூக்கிக்கொண்டே போய், கடைசியில் சொட்டை விழுந்த அந்தத் தட்டைத் தூக்கினார். காடி மீன். கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் அப்பாவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டுச் செல்வநாதனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், முப்பது பேரும் திரும்பி வந்துவிடுவார்கள், கொட்டகை மிஞ்சும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானே கண்ணைக் காட்டினேன், சும்மா இரு என்று. ஊருக்குப் பகுத்தறிவு சொல்கிறவனுக்கும் மதியச் சாப்பாட்டுக் கவலை உண்டு.

செல்வநாதன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மாமு, ஒண்ணு சொல்லிட்றேன். ஒன் கையில கீறது மூடி இல்ல. அப்பாவு தட்டு."

தட்டு அந்தரத்தில் நின்றது. ஆவி மேஸ்திரியின் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

"எந்த அப்பாவு?"

"ஒனக்கு முதுகாண்ட குந்திகினு கீறாரே, அவரு."

மேஸ்திரி திரும்பவில்லை. அப்பாவுதான் பேசினார். "ரொம்ப நேரம் தூக்கிப் புடிச்சிகினு நிக்காத மேஸ்திரி. மீனு ஆறிப் பூடும்."

மேஸ்திரி தட்டைப் பார்த்தார். குண்டானைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் வயிற்றில் எதுவும் போகவில்லை.

"மாமு."

"சொல்லு."

"எத்தினி துண்டு கீது?"

"மூணு."

"மூணையும் போடு."

தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அப்பாவுவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து மூன்று துண்டையும் தின்றார். முள்ளைக்கூட விடவில்லை. திங்கட்கிழமை முப்பது பேரும் முன்வாசல் வழியாக வந்தார்கள். சந்து வழி தெரிந்தவர்கள் ஒன்றும் தெரியாத மாதிரி, "இன்னாபா கீது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

சிலுவையம்மாள் அடுப்படிக்குத் திரும்பினாள். விரலில் இறால் முள் குத்திய இடம் மட்டும் வெகுநாள் ஆறவில்லை. மணிலாக் கதையைச் சொல்ல அவருக்கு மறுபடி அனுமதி கிடைத்தது, வாரத்துக்கு ஒரு தடவை.

மேஸ்திரி திருந்திவிட்டார் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். அன்று தான் தொட்டது ஆறாவது குண்டானின் மூடி என்றும், ஏழாவதைச் செல்வநாதன்தான் திறந்து கொடுத்தார் என்றும் கமிட்டியில் சத்தியம் செய்திருக்கிறார். போகட்டும், பொய் சொல்லிக்கொண்டாவது சாப்பிடட்டும் என்று செல்வநாதன் விட்டுவிட்டார். நான் விடுகிறதாக இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

அது ஏழாவதுதான், மேஸ்திரி.